எலும்புப் புற்றுநோய்க்கு மருந்து தேட எந்தச் சுண்டெலி? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த எலி வாங்கலாம்?" என்றுதான். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. தேடுகிற மருந்து எந்த நோயாளிக்கு, நோயின் எந்தக் கட்டத்தில் போகப்போகிறது என்பதை ஒரே வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். அந்த வரி சரியாக அமைந்துவிட்டால் எலியின் வகை, கட்டியை வைக்கும் இடம், அளவிடும் முறை எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அமையாவிட்டால், பார்க்க நன்றாக இருக்கும் வரைபடங்கள் கிடைக்கும். கேள்வி என்ன என்பதுதான் கடைசிவரை தெரியாது.

1. நோயைப் படியுங்கள்

எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மூன்றின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஆஸ்டியோசார்கோமா வளரிளம் பருவத்தில் அதிகம் வருவது. முழங்காலைச் சுற்றியுள்ள எலும்புகளில்தான் பெரும்பாலும் தொடங்கும். ஈவிங் சார்கோமாவும் இளம் வயதினரைத் தாக்குவதே. அதன் பெரும்பாலான கட்டிகளில் 11ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு உருவாக்கிய ஒட்டு மரபணு ஒன்று இருக்கும். கான்ட்ரோசார்கோமா பெரியவர்களுக்கு வருவது, வழக்கமான கீமோதெரபிக்கு எளிதில் மசியாதது. இவை போக, மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ தொடங்கி எலும்புக்குப் பரவும் புற்றுநோய்கள் உண்டு. எண்ணிக்கையில் இவைதான் அதிகம். ஆனால் அவற்றுக்கான எலி மாதிரிகள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கட்டுரையில் ஆஸ்டியோசார்கோமாவைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன். காரணம், அதன் வரலாறே ஆய்வுக்கான கேள்வியைக் கையில் கொடுத்துவிடுகிறது. காலை வெட்டி எடுப்பது மட்டுமே சிகிச்சையாக இருந்த காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார். மீதிப்பேருக்கு, கட்டி முழுவதும் எடுக்கப்பட்ட பிறகும், நுரையீரலில் நோய் முளைத்தது. 1970களிலும் 80களிலும் மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் சேர்ந்த பிறகு, பரவல் தெரியாத நிலையில் வரும் நோயாளிகளில் 60 முதல் 70 சதவீதம் பேர் பிழைக்கும் நிலை வந்தது. அதற்குப் பிறகு அந்த எண் பெரிதாக நகரவே இல்லை.

ஆக, காலில் இருக்கும் கட்டியை அறுவை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நுரையீரலில் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கும், ஸ்கேனில் தெரியாத செல்களுக்குத்தான் மருந்து வேண்டும். எலியின் முதுகுத் தோலுக்கடியில் கட்டியை வளர்த்து, அது சுருங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வியைத் தொட்டதாகவே ஆகாது.

2. கேள்வியை எழுதி, அனுமதி வாங்குங்கள்

கேள்வி பொதுவாக மூன்று வகை. மருந்து உடம்புக்குள் போய்த் தன் இலக்கு மூலக்கூறைத் தொடுகிறதா? கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கிறதா? பரவலைத் தடுக்கிறதா, அல்லது பரவி வேரூன்றிவிட்டதை அழிக்கிறதா? கடைசியில் உள்ள இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. நோயாளி மருத்துவரிடம் வரும்போது பரவல் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். எனவே செல்களைச் செலுத்திய அன்றே மருந்தையும் தொடங்கிவிட்டு "பரவலைத் தடுத்தது" என்று எழுதினால், அந்த மருந்து எந்த நோயாளிக்குப் பயன்படும் என்பதற்குப் பதில் இருக்காது.

எழுதிய கேள்வியோடு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். இதை வெறும் தாள் வேலையாக நினைக்காதீர்கள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகள்தான் இன்றும் அடிப்படை: விலங்கு இல்லாமல் முடியுமென்றால் அப்படிச் செய்வது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது. எலும்புக்குள் வளரும் கட்டி வலி தரும். எந்த வலிநிவாரணி, எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த நிலை வந்தால் எலியைக் கருணைக்கொலை செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முதல் எலி வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எடை 20 சதவீதம் குறைவது, காலை ஊன்றாமல் நடப்பது, மூச்சிரைப்பு, முதுகைக் கூனிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவை வழக்கமாகப் பட்டியலில் இருக்கும். எடையைக் கணக்கிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: கட்டியின் எடையும் அதில் சேர்ந்திருக்கிறது. எலி இளைத்துக்கொண்டே போனாலும் தராசு அப்படியே நிற்கக்கூடும்.

3. எலியைத் தேர்ந்தெடுங்கள்

மனிதச் செல்களை எலிக்குள் வளர்க்க வேண்டுமென்றால் எதிர்ப்பாற்றல் குறைந்த எலி வேண்டும். உடம்பில் முடியில்லாத நியூட் எலிக்குத் தைமஸ் சுரப்பி இருக்காது, அதனால் முதிர்ந்த டி செல்கள் ஏறக்குறைய இல்லை. ஆனால் இயற்கைக் கொல்லி செல்கள் நன்றாகவே வேலை செய்யும். மனிதக் கட்டியொன்று இந்த எலியில் முதன்முதலாக வளர்க்கப்பட்டது 1969இல். என்எஸ்ஜி எலியில் டி, பி, இயற்கைக் கொல்லி செல்கள் மூன்றுமே இல்லை. நோயாளியின் அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டித் துண்டை நேரடியாக வளர்க்க அதுவே வசதி.

ஒரு பொறி இருக்கிறது. டி, பி செல்கள் இல்லாத சிட் வகை எலியும் அதிலிருந்து வந்த என்எஸ்ஜியும் டிஎன்ஏவில் ஏற்படும் முறிவைச் சரிசெய்யும் மரபணுவிலேயே குறைபாடு உடையவை. டாக்ஸோரூபிசின், கதிர்வீச்சு போன்றவற்றை அவற்றால் தாங்க முடியாது. புதிய மருந்தை டாக்ஸோரூபிசினோடு சேர்த்துச் சோதிக்கப் போகிறீர்களென்றால், ராக் மரபணு நீக்கத்தால் எதிர்ப்பாற்றல் இழந்த என்ஆர்ஜி போன்ற எலியைப் பாருங்கள்.

எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அப்போது எலியின் சொந்த ஆஸ்டியோசார்கோமா செல்களை, அதே இன எலியில் வளர்க்க வேண்டும். பால்ப்-சி எலிக்குக் கே7எம்2, சி57 கறுப்பு எலிக்கு எம்ஓஎஸ்-ஜே, சி3எச் எலிக்கு எல்எம்8 என்று செல் லைன்கள், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகைகள், உண்டு. கே7எம்2 நுரையீரலுக்குத் தீவிரமாகப் பரவும். அதே மூலத்திலிருந்து வந்த கே12 அவ்வளவாகப் பரவாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பரவலுக்கு எது காரணம் என்று தேட வழி கிடைக்கும். எஸ்ரின் என்ற புரதத்தின் பங்கு அப்படித்தான் 2004இல் வெளிவந்தது.

மூன்றாவது வழி, கட்டியைத் தானே உருவாக்கிக்கொள்ளும் எலி. எலும்பை உருவாக்கும் செல்களில் மட்டும் கட்டி வராமல் தடுக்கும் பி53, ஆர்பி ஆகிய இரு மரபணுக்களையும் நீக்கிய எலிகளை 2008இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. சில மாதங்களில் ஆஸ்டியோசார்கோமா தானாக வரும், உள்ளுறுப்புகளுக்கும் பரவும். பிறவியிலேயே பி53 குறைபாடுள்ள லி-ஃப்ராமெனி குடும்பங்களிலும், ஆர்பி குறைபாட்டால் பரம்பரையாக வரும் விழித்திரைக் கட்டியிலிருந்து பிழைத்த குழந்தைகளிலும் ஆஸ்டியோசார்கோமா அதிகம் வருவதோடு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் எந்த எலிக்கு, எந்த எலும்பில், எந்த வாரத்தில் கட்டி வரும் என்று சொல்ல முடியாது. ஒரே நாளில் முப்பது எலிகளுக்கு மருந்து தொடங்குவது இதில் நடக்காத காரியம். நோய் எப்படித் தொடங்குகிறது என்று படிக்க அருமையான மாதிரி. மருந்துகளை வரிசையாக வடிகட்ட ஏற்றதல்ல.

ஈவிங் சார்கோமாவுக்கு இந்த மூன்றாவது வழி இன்றுவரை சரியாகக் கைகூடவில்லை. அந்த ஒட்டு மரபணுவை எலியின் திசுக்களில் இயக்கினால் பெரும்பாலும் செல்கள் செத்துப்போகின்றன, அல்லது வேறு ஏதோ நோய் வருகிறது. மனித மரபணுத் தொகுதியில் அந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும் ஜிஜிஏஏ என்ற தொடர்கள் எலியில் அதே இடங்களில் இல்லை என்பதும் ஒரு காரணம். ஈவிங் என்றால், இப்போதைக்கு மனிதக் கட்டியை எலியில் வளர்ப்பதே வழி.

4. கட்டியை எங்கே வைப்பது?

தோலுக்கடியில் வைப்பது எளிது. காலிப்பரால் அளந்துவிடலாம், எலிக்கும் வேதனை குறைவு. மருந்து இலக்கைத் தொடுகிறதா என்ற முதல் கேள்விக்கு இது போதும். எலும்பின் சூழல் முக்கியமென்றால் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்குள், அதாவது டிபியாவுக்குள், செலுத்த வேண்டும்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல ஆய்வுகள் கெடுவது இந்த இடத்தில்தான். எலியை ஐசோஃப்ளூரேன் கொடுத்து மயக்கி, வலிநிவாரணி கொடுத்து, முழங்காலை நன்றாக மடக்கிப் பிடியுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரின் நடுவே மெல்லிய ஊசியை வைத்து, டிபியாவின் நீளவாக்கிலேயே, அழுத்தாமல் மெதுவாகத் திருகித் திருகி இறக்குங்கள். குருத்தெலும்பைத் தாண்டியதும் எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போகும். அப்போது ஊசியை லேசாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். எலும்பும் கூடவே அசைந்தால் ஊசி உள்ளே இருக்கிறது; ஊசி மட்டும் தாராளமாக அசைந்தால் எலும்புக்கு வெளியே தசையில் இருக்கிறது. செல்கள் கலந்த கரைசல் 10 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம். மெதுவாகத் தள்ளி, சில விநாடிகள் பொறுத்து, அப்புறம் ஊசியை எடுங்கள்.

அவசரப்பட்டு அழுத்தினால் என்ன ஆகும்? மஜ்ஜைக்குள் இருக்கும் சிரைகள் வழியாகச் செல்கள் நேரே இரத்தத்தில் கலந்து, அடுத்த நிறுத்தமான நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். சில வாரம் கழித்து அங்கே முளைக்கும் முடிச்சுகளைப் பார்த்து "காலிலிருந்து பரவியது" என்று எழுதுவீர்கள். உண்மையில் அவற்றை அங்கே கொண்டுபோய் விட்டது உங்கள் ஊசி. இதைச் சோதிக்க வழி உண்டு. செலுத்திய மறுநாளே இரண்டு மூன்று எலிகளின் நுரையீரலை எடுத்து, அங்கே செல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கை இன்னும் பழக வேண்டும். அல்லது கரைசலை விட்டுவிட்டு, எலும்பின் மேற்பரப்பை லேசாகச் சுரண்டிக் கட்டித் துண்டை அதன்மேல் வைக்கும் முறைக்கு மாறலாம்.

நோயாளியின் நிலைக்கு மிக நெருங்கிய அமைப்பு என்று நான் கருதுவது இது: காலில் கட்டி வளர விட்டு, குறித்த அளவை எட்டியதும் அந்தக் காலை அறுவைச் சிகிச்சையில் நீக்கி, காயம் ஆறிய பிறகு மருந்தைத் தொடங்கி, நுரையீரலைக் கவனிப்பது. மூன்று காலில் எலி நன்றாகவே நடமாடும். வேலை அதிகம், நாளும் அதிகம், எலிக்கு எலி வேறுபாடும் அதிகம். ஆனாலும் கேள்வி பரவலைப் பற்றியதென்றால் இந்தச் சிரமத்துக்கு மாற்று கிடையாது. வாலின் சிரை வழியாகச் செல்களைச் செலுத்தும் முறை வேகமானது, ஒரே சீரான முடிவு தருவது. நுரையீரலில் செல்கள் வேரூன்றுவதை மட்டும் படிக்க அது போதும். கட்டியை விட்டுக் கிளம்பி வரும் பாதி அதில் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

5. செல்களைச் சரிபாருங்கள்

செல் வளர்ப்பில் தெரியாமல் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி இல்லை என்று சோதியுங்கள். மனிதச் செல் லைன் என்றால் டிஎன்ஏ கைரேகைச் சோதனை செய்து, குப்பியில் எழுதியிருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் செல்லும் ஒன்றுதானா என்று பாருங்கள். செலுத்தும் நாளில் உயிரோடிருக்கும் செல்களின் விழுக்காட்டைக் குறித்து வையுங்கள். பெயர் பெற்ற லைன்களுக்கும் தனிக் குணம் உண்டு: 143பி வேகமாக வளர்ந்து பரவும், ஆனால் அதில் ஆய்வகத்தில் புகுத்தப்பட்ட ராஸ் புற்றுமரபணு இருக்கிறது, மனித ஆஸ்டியோசார்கோமாவில் அது வழக்கமாகக் காணப்படுவதல்ல. ஒரே ஒரு லைனில் கிடைத்த முடிவை வைத்து எதையும் அறிவிக்க வேண்டாம்.

6. டோஸ்

புதியவர்கள் மிகக் குறைவாக நேரம் செலவிடுவது இதில். நான் அதிகம் செலவிடச் சொல்வதும் இதில்தான்.

எலியின் உடல் எடைக்குக் கொடுக்கும் அளவை அப்படியே மனிதனுக்கு மாற்ற முடியாது. உடற்பரப்பை வைத்துக் கணக்கிடும் வழக்கமான முறையில், எலியின் ஒரு கிலோவுக்கான மில்லிகிராமை 3ஆல் பெருக்கி 37ஆல் வகுக்க வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 100 மி.கி. என்றால் மனிதனுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 8 மி.கி. தான். இதுவும் தோராயமே. உண்மையில் ஒப்பிட வேண்டியது இரத்தத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை. எலிக்கு மருந்து கொடுத்து, வெவ்வேறு நேரங்களில் இரத்தம் எடுத்து அளந்து, மனிதர்கள் தாங்கும் அளவோடு பக்கத்தில் வையுங்கள். மனிதனால் ஒருபோதும் தாங்க முடியாத அளவில் கட்டி கரைந்தால் அது மருந்துக்கான ஆதாரம் ஆகாது.

உயிரின வேறுபாடு காலை வாரிவிடும் இடங்கள் சில. எலியின் இரத்தத்தில் கார்பாக்ஸிலெஸ்டரேஸ் என்ற நொதி மிகுதி. இரினோடெக்கானை அது மனித உடம்பைவிட மிக அதிகமாகச் செயல்படு வடிவத்துக்கு மாற்றிவிடும். எலியின் இரத்தத்தில், டிஎன்ஏவை உருவாக்க உதவும் தைமிடின் அளவும் அதிகம், அதனால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளின் தாக்கத்திலிருந்து செல்கள் தப்பிக்க வழி கிடைக்கிறது. எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டும் ராங்க்-எல் புரதத்தைப் பிடிக்கும் டெனோசுமாப், மனித ராங்க்-எல்லைத்தான் பிடிக்கும், எலியினுடையதை அல்ல. எலியில் அந்த வழியைத் தடுக்க ஆஸ்டியோபுரோடெஜரின் கலந்த புரதத்தைப் பயன்படுத்த வேண்டும், அல்லது மனித ராங்க்-எல் மரபணு பொருத்தப்பட்ட எலி வேண்டும். உங்கள் மருந்து ஆன்டிபாடி என்றால், முதல் வேலை அது எலியின் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பது. ஒட்டவில்லையென்றால் "பக்க விளைவே இல்லை" என்ற முடிவுக்கும் மதிப்பில்லை. எலியின் ஆரோக்கியமான திசுவை அது தொட்டால்தானே பக்க விளைவு வரும்!

7. குழுப் பிரித்தல்

முதலில் சில எலிகளோடு ஒரு முன்னோட்டம். கட்டி எவ்வளவு சீராக வளர்கிறது என்று அதில் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துப் புள்ளியியல் தெரிந்தவரிடம் எத்தனை எலிகள் தேவை என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். கட்டி உருவான பிறகு, அளவைப் பார்த்துச் சமமாகக் குழுப் பிரிக்க வேண்டும். யார் எந்தக் குழு என்பது குலுக்கலில் முடிவாக வேண்டும். அளவெடுப்பவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. ஒரு குழுவுக்கு மருந்தைக் கரைக்கும் திரவம் மட்டும், இன்னொரு குழுவுக்கு இப்போது நடைமுறையில் இருக்கும் சிகிச்சை. இந்த இரண்டாவது குழுவைச் செலவுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். புதிய மருந்து வெறும் திரவத்தைவிட நல்லது என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம்?

8. அளவிடுதல்

தோலுக்கடிக் கட்டிக்கு நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு தோராயமாகக் கிடைக்கும். எலும்புக் கட்டிக்கு இது ஏமாற்றும். ஆஸ்டியோசார்கோமா செல்கள் தாங்களே எலும்புப் பொருளைச் சுரப்பவை. செல்கள் செத்தாலும் அந்தக் கெட்டிப் பொருள் அங்கேயே கிடக்கும். கட்டி சுருங்கவில்லை, ஆனால் உள்ளே உயிர் இல்லை என்ற நிலை சாதாரணம். மருத்துவமனையில் கூட, அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் செத்திருக்கின்றனவா என்றுதான் நோயியல் மருத்துவர் பார்க்கிறார். நீங்களும் கட்டியை வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். அதற்கு எலும்பின் சுண்ணாம்பை நீக்க வேண்டும். இடிடிஏ கரைசலில் ஊறப் போட்டால் நாள் பிடிக்கும், ஆனால் புரதங்களும் நியூக்ளிக் அமிலங்களும் கெடாமல் இருக்கும். வலுவான அமிலத்தில் சீக்கிரம் முடியும், பிற்பாடு எந்தச் சாயமும் ஒழுங்காகப் பிடிக்காது.

எலும்பு அரிக்கப்படுகிறதா, புதிதாக உருவாகிறதா என்பதை மைக்ரோ சிடி காட்டும். ஒளி உமிழச் செய்யும் லூசிஃபரேஸ் நொதி பொருத்திய செல்கள் என்றால், அது வேலை செய்யத் தேவையான லூசிஃபெரினைக் கிலோவுக்கு 150 மி.கி. வீதம் வயிற்றறைக்குள் செலுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கட்டி உமிழும் ஒளியைப் படம் பிடிக்கலாம். உச்ச நேரம் மாதிரிக்கு மாதிரி மாறும், ஒருமுறை அளந்து முடிவு செய்துகொள்ளுங்கள். கறுப்பு எலியின் ரோமம் ஒளியை விழுங்கும், மழித்துவிடுங்கள். எதிர்ப்பாற்றல் உள்ள எலிக்கு லூசிஃபரேஸ் ஓர் அந்நியப் புரதம், அதுவே செல்களை அழிக்கத் தூண்டலாம் என்பதையும் கவனியுங்கள். எப்படியானாலும், கடைசியில் நுரையீரலை எடுத்து, பல மட்டங்களில் சீவி, முடிச்சுகளை எண்ணாமல் ஆய்வை முடிக்காதீர்கள்.

9. முடிவைப் படிப்பது

வளர்ச்சி மெதுவாவது வேறு, கட்டி சுருங்குவது வேறு. கட்டுப்பாட்டுக் குழுவைவிட மெதுவாக, ஆனால் விடாமல் வளரும் கட்டியை மருத்துவமனையில் "நோய் முற்றுகிறது" என்றுதான் எழுதுவார்கள். வரைபடத்தில் இரு கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஈவிங் சார்கோமாவில் நடந்த ஒன்று இதற்கு நல்ல பாடம். 2012இல், ஈவிங் செல்கள் ஓலாபாரிப் போன்ற பார்ப் தடுப்பான்களுக்கு (டிஎன்ஏ முறிவைச் சரிசெய்ய உதவும் பார்ப் நொதியைத் தடுப்பவை) மிக எளிதில் மடிகின்றன என்று வளர்ப்புத் தட்டில் தெரிந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஓலாபாரிப்பை மட்டும் கொடுத்துப் பார்த்த சிறு நோயாளி ஆய்வு 2014இல் வெளியானபோது, 12 பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை. எலிகளில் வளர்த்த கட்டிகளிலும் இந்த வகை மருந்து தனியாகப் பெரிதாக எதையும் செய்யவில்லை. டெமோசோலமைடு என்ற கீமோதெரபி மருந்து கூடச் சேர்ந்தபோதுதான் பல கட்டிகள் சுருங்கின. அங்கே எலி பொய் சொல்லவில்லை, தட்டுதான் சொன்னது.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் புரதத்தைத் தடுக்கும் சிரோலிமஸ், கே7எம்2 எலிகளில் நுரையீரல் பரவலைக் குறைத்தது. பெரிய இன நாய்களுக்கு ஆஸ்டியோசார்கோமா இயற்கையாகவே வரும், அதுவும் மனித நோயைப் போலவே நுரையீரலுக்குப் பரவும். கால் நீக்கமும் கார்போபிளாட்டின் கீமோதெரபியும் முடிந்த 300க்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களில், சிரோலிமஸ் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேர்த்ததால் எந்தப் பலனும் தெரியவில்லை. ஒரே செல் லைனில், ஒரே இன எலியில் கிடைத்த நல்ல செய்தியோடு நேரே நோயாளியிடம் போகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எனவே உங்கள் மருந்து ஒரு மாதிரியில் வேலை செய்தால், அடுத்ததாக, வேறு நோயாளிகளிடமிருந்து வந்த கட்டிகள் சிலவற்றில் அதே டோஸில் செய்யுங்கள். ஆஸ்டியோசார்கோமாவின் குரோமோசோம்கள் நோயாளிக்கு நோயாளி வெவ்வேறு விதமாகச் சிதைந்து கிடக்கும். எத்தனை கட்டிகளில் வேலை செய்தது, எத்தனையில் செய்யவில்லை என்ற விகிதமே முக்கியமான முடிவு. வேலை செய்யாத கட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றின் ஒரு துண்டை உறைநிலையிலும் ஒரு துண்டை ஃபார்மலினிலும் வைத்து, தேதி, மருந்து, டோஸ், கடைசியாகக் கொடுத்த நேரம் ஆகியவற்றைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். மருந்து இலக்கைத் தொட்டும் கட்டி சாகவில்லையா, அல்லது மருந்து அங்கே போய்ச் சேரவே இல்லையா என்று ஆறு மாதம் கழித்து யாராவது கேட்பார்கள். அப்போது அந்தத் துண்டுகள்தான் பதில் சொல்லும்.